இலங்கைத் தேர்தல்களில் வாக்குப் பிரிவும் போட்டித் தவிர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆம் திகதி இலங்கையில் ஒரு பொதுத் தேர்தல் நடைபெற்றது. நான்கு மாதங்கள் கழிந்து, அதே ஆண்டு யூலை மாதம் 20ஆம் திகதி, இன்னுமொரு பொதுத் தேர்தல் நடைபெற்றது. இரண்டுக்குமிடையில் தொகுதிகளின் எல்லைகள் மாறவில்லை. தேர்தல் முறையும் மாறவில்லை. மார்ச் தேர்தலில் ஏறத்தாழ முப்பது வீதமான வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 50 ஆசனங்களை வென்றது. யூலைத் தேர்தலில் அக்கட்சியின் வாக்கு 37.6 வீதமாக உயர்ந்தது. ஆசனங்களோ 30 ஆகக் குறைந்தன. மாறாக, யூலையில் 33.6 வீதமான வாக்குகளையே பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களுடன் ஆட்சிபீடமேறியது. கூடுதலான வாக்குகளைப் பெற்ற கட்சி எதிரணியில் அமர, குறைந்த வாக்குகளைப் பெற்ற கட்சி அரசாங்கம் அமைத்தது.

இம்முரண்பாட்டை வாக்காளரின் மனமாற்றம் என்ற ஒன்றினால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. வாக்காளர் முன்னிலையில் எத்தனை பேர், எவ்வெவ்வாறு அணிவகுத்து நின்றனர் என்பதே இங்கு முதன்மை பெறுகின்றது. எனவே வாக்குப் பிரிவும், அதனைத் தவிர்ப்பதற்காகக் கட்சிகள் செய்துகொண்ட போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தங்களும், வாக்காளர் தாமாகவே கைக்கொண்ட தந்திரோபாய வாக்களிப்பும் சுதந்திர இலங்கையின் அரசியல் வரலாற்றை எவ்வாறு உருவாக்கின என்பதையும், அவற்றுக்குரிய விலையைச் செலுத்தியவர்கள் யாவர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேர்தல் முறையின் இயல்பு

1947 முதல் 1977 வரை நடைபெற்ற எட்டுப் பொதுத் தேர்தல்களும் பிரித்தானிய மரபைத் தழுவிய சாதாரண பெரும்பான்மை முறையிலேயே நடைபெற்றன. இம்முறையில் ஓர் அபேட்சகர் வெற்றி பெறுவதற்கு அளிக்கப்பட்ட வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெறவேண்டியதில்லை. ஏனைய ஒவ்வொருவரிலும் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றாற் போதுமானது. பதினாயிரம் பேர் வாக்களிக்கும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். முதலாம் அபேட்சகர் 4,000 வாக்குகளையும், இரண்டாமவர் 3,500 வாக்குகளையும், மூன்றாமவர் 2,500 வாக்குகளையும் பெறுகின்றனர். பின்னிருவரும் ஒரே கொள்கையினர். அவர்களை ஆதரித்த 6,000 பேரும் முதலாமவரை விரும்பாதவர்கள். எனினும் வெற்றி முதலாமவருக்கே உரியது. இதுவே வாக்குப் பிரிவு.

இதனைத் தவிர்ப்பதற்கு இரு வழிகளுண்டு. ஒன்று மேலிருந்து வருவது: கட்சித் தலைமைகள் கூடி, இன்ன தொகுதியில் இன்னார் மாத்திரமே போட்டியிடுவர் என முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளல். மற்றையது கீழிருந்து வருவது: தாம் மிக விரும்பும் அபேட்சகர் வெல்லமாட்டார் எனக் கருதும் வாக்காளர், தாம் மிக வெறுப்பவரைத் தோற்கடிக்கக் கூடியவருக்கு வாக்களித்தல். பிரெஞ்சு அறிஞர் மோறிஸ் டுவேர்ஜே 1951இல் வெளியிட்ட அரசியற் கட்சிகள் பற்றிய நூலில், சாதாரண பெரும்பான்மை முறை நாளடைவில் இருகட்சி அமைப்பை நோக்கி இட்டுச்செல்லும் எனக் கூறி, அதற்குரிய காரணங்களில் ஒன்றாக வாக்காளரின் இவ்வுளப்பாங்கைச் சுட்டினார். இலங்கையின் முப்பதாண்டுத் தேர்தல் வரலாறு அக்கூற்றுக்குச் சான்று பகர்வதோடு, அவர் விரிவாகக் கூறாத வேறொன்றையும் உணர்த்துகின்றது. வாக்குச் சீட்டிலே விருப்பம் பதிவாகின்றது. அவ்விருப்பத்துக்கான காரணம் பதிவாவதில்லை. காரணத்தைப் பின்னர் எழுதிக்கொள்பவர் வெற்றியாளரே.

1947: பிரிவு கற்பித்த பாடம்

1947ஆம் ஆண்டு ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் நடைபெற்ற முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் 95 ஆசனங்களுக்குப் போட்டி நிகழ்ந்தது. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 40 வீதத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகளுடன் 42 ஆசனங்களைப் பெற்றது. இடதுசாரிகள் லங்கா சமசமாஜக் கட்சி, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி என மூன்றாகப் பிரிந்து முறையே 10, 5, 3 ஆசனங்களைப் பெற்றனர். சுயேச்சையாளர் 21 பேர் தெரிவாகினர். எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத நிலையில், ஐக்கிய தேசியக் கட்சி அல்லாத அரசாங்கமொன்றை அமைக்கும் நோக்குடன் கொழும்பில் ஸ்ரீ நிசங்காவின் 'யமுனா' இல்லத்தில் எதிரணியினரும் சுயேச்சையாளரும் கூடிப் பேசினர். தேர்தலுக்கு முன் ஒன்றுபடாதவர்கள் தேர்தலின் பின்னரும் ஒன்றுபடவில்லை. அரசாங்கம் சேனநாயக்காவின் கைக்கே சென்றது.

அதே தேர்தலில் தந்திரோபாய வாக்களிப்பின் தெளிவான உதாரணமொன்றையும் காணலாம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர், இலங்கை இந்தியர் காங்கிரஸ் போட்டியிட்ட தொகுதிகளில் அதனை ஆதரித்தனர். அது போட்டியிடாத தொகுதிகள் பலவற்றில் அவர்களின் வாக்குகள் இடதுசாரி அபேட்சகருக்குத் துணையாயின. சிதறாது அளிக்கப்பட்ட சிறுபான்மை வாக்கு, தன் எண்ணிக்கையிலும் பெரிய வலிமையைப் பெறக்கூடும் என்பதை அத்தேர்தல் காட்டியது. அவ்வலிமையைக் கண்டவர்கள் வாக்காளர் மாத்திரமல்லர். அரசாங்கமும் அதனைக் கண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டமும் அம்மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இச்சட்டங்களுக்கு இனவாதம், கண்டிச் சிங்களவரின் அச்சம் முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் 1947இல் அவ்வாக்குகள் சென்ற திசையும் அக்காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் கருதுவர். 1952இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஓர் ஆசனத்தையேனும் பெறவில்லை. திறம்பட வாக்களித்தமைக்கு அத்தொழிலாளர் செலுத்திய விலை வாக்குரிமையே.

1956: ஒப்பந்தமும் ஆணையும்

1952இலும் எதிரணி பிரிந்தே நின்றது. ஐக்கிய தேசியக் கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது. இப்பாடத்தை எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா நன்கு உணர்ந்துகொண்டார். 1956இல் அவரது ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, பிலிப் குணவர்த்தனாவின் கட்சியுடனும் வேறு குழுக்களுடனும் சேர்ந்து மக்கள் ஐக்கிய முன்னணியை அமைத்தது. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் இம்முன்னணியிற் சேரவில்லை. ஆனால் அதனுடன் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. விளைவு யாதெனின், 40 வீதமளவான வாக்குகளைப் பெற்ற முன்னணி 95இல் 51 ஆசனங்களை வென்றது. 27 வீதத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி எட்டு ஆசனங்களுடன் ஒதுங்கியது. சமசமாஜக் கட்சி 14 ஆசனங்களையும் கம்யூனிஸ்ட் கட்சி 3 ஆசனங்களையும் பெற்றன.

ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அக்காலத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வேண்டி நின்றவை. மக்கள் ஐக்கிய முன்னணியோ சிங்களம் மட்டும் என்ற கோஷத்துடன் தேர்தலைச் சந்தித்தது. ஐக்கிய தேசியக் கட்சியும் 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டிலே அதே நிலைப்பாட்டுக்குத் தாவிவிட்டது. ஆகவே இடதுசாரிகள் விலகி நின்ற தென்னிலங்கைத் தொகுதிகளில், இரு மொழிக் கொள்கையை ஆதரித்த வாக்காளருக்குத் தம் கருத்தைத் தெரிவிக்க வழி பெரும்பாலும் இல்லாதொழிந்தது. சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசாங்கத்தை வீழ்த்துவதற்காக முன்னணிக்கு வாக்களித்த இடதுசாரி ஆதரவாளரின் வாக்கும், மொழிக்காக வாக்களித்தவரின் வாக்கும் ஒரே பெட்டியில் விழுந்தன, ஒன்றாகவே எண்ணப்பட்டன. அவ்வெண்ணிக்கை முழுவதும் சிங்களம் மட்டும் கொள்கைக்கு மக்கள் அளித்த ஆணையெனப் பொருள் கொள்ளப்பட்டது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் பாராளுமன்றத்திற்கு வந்தபோது இவ்விரு இடதுசாரிக் கட்சிகளும் அதனை எதிர்த்து வாக்களித்தன. ஆயின் அவ்வெதிர்ப்பு, தம் விலகலால் உருவான பெரும்பான்மையின் முன் பயனற்றுப் போயிற்று.

இடதுசாரிகள் ஒப்பந்தம் செய்யாதிருந்தால் மொழிச் சட்டம் வந்திராது எனக் கூறுவதற்கில்லை. பெரும் கட்சிகள் இரண்டும் அதனை ஏற்றிருந்த நிலையில் அது எவ்வழியேனும் வந்திருக்கும். எனினும், மாற்றுக் கருத்துடைய தென்னிலங்கை வாக்காளர் எத்தனை பேர் என்பதேனும் நாட்டுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பந்தம் அவ்வெண்ணிக்கையையும் மறைத்துவிட்டது.

1960: ஒரே ஆண்டில் இரு விடைகள்

பண்டாரநாயக்கா 1959 செப்ரெம்பரில் கொலையுண்டதன் பின்னர் முன்னணி சிதறியது. 1959ஆம் ஆண்டின் தொகுதி நிர்ணயத்தால் தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 151 ஆக உயர்ந்திருந்தது. 1960 மார்ச் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் தன் பலத்தைத் தானே அளந்தறிய முற்பட்டது. சமசமாஜக் கட்சி, என். எம். பெரேராவின் தலைமையில் தனித்து அரசாங்கம் அமைக்கும் நம்பிக்கையுடன் 101 அபேட்சகரை நிறுத்தியது. பிலிப் குணவர்த்தனா மக்கள் ஐக்கிய முன்னணி என்ற பெயரைத் தம் கட்சிக்குச் சூட்டிக்கொண்டு பெருந்தொகையானோரை நிறுத்தினார். பிரதமராயிருந்த டபிள்யூ. தகநாயக்காவும் புதுக் கட்சியொன்றைத் தொடங்கினார். நாடெங்கும் 899 பேர் போட்டியிட்டனர். ஓர் ஆசனத்துக்குச் சராசரி ஆறு பேர் என்பது இதன் பொருள்.

முடிவு எதிர்பார்க்கத்தக்கதே. சமசமாஜக் கட்சியும் பிலிப் குணவர்த்தனாவின் கட்சியும் தனித்தனியே பத்து வீதத்துக்குச் சற்றுக் கூடிய வாக்குகளைப் பெற்றும் பத்துப் பத்து ஆசனங்களையே வென்றன. சுதந்திரக் கட்சி 21 வீதமளவான வாக்குகளுடன் 46 ஆசனங்களைப் பெற்றது. தகநாயக்கா காலியில் தம் ஆசனத்தையே இழந்தார். டட்லி சேனநாயக்கா அமைத்த சிறுபான்மை அரசாங்கம் ஏப்ரில் மாதத்திலேயே சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் தோல்வியுற, பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

யூலைத் தேர்தலுக்கு முன்னர் சுதந்திரக் கட்சியும் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் மீண்டும் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தத்துக்கு வந்தன. மார்ச்சில் நூற்றுக்கு மேற்பட்ட அபேட்சகரை நிறுத்திய சமசமாஜக் கட்சி இம்முறை இருபதை அண்டிய தொகையினரையே நிறுத்தியது. மொத்த அபேட்சகர் தொகை 899இலிருந்து 393 ஆகச் சுருங்கியது. சமசமாஜக் கட்சியின் மொத்த வாக்கு குறைந்தது. ஆசனமோ பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்ந்தது. ஒப்பந்தத்தில் இணையாத பிலிப் குணவர்த்தனாவின் கட்சி பத்திலிருந்து மூன்றாக வீழ்ந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கா யூலை 21ஆம் திகதி பதவியேற்று உலகின் முதலாவது பெண் பிரதமரானார்.

ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்குயர்வுக்கும் இதே காரணம் ஓரளவு பொருந்தும். சிறு கட்சிகளும் சுயேச்சையாளரும் களத்தைவிட்டு அகன்றபோது, அவர்களின் ஆதரவாளர் இரு பெரும் அணிகளுள் ஒன்றைத் தெரிய வேண்டியவராயினர். ஒரு பகுதியினர் ஐக்கிய தேசியக் கட்சியை நாடினர். ஆயின் அதற்கு எதிரான வாக்குகள் ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவரிடமே திரண்டமையால் அதன் கூடுதல் வாக்குகள் ஆசனங்களாக மாறவில்லை. இவ்விரு தேர்தல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, தேர்தலின் தலைவிதி வாக்களிப்புத் தினத்துக்கு முன்னரே, நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் தினத்தன்று பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பது புலனாகும்.

1970, 1977: உருவாக்கப்பட்ட பெரும்பான்மைகள்

1970இல் இவ்வுத்தி முழுவளர்ச்சி பெற்றது. சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் ஐக்கிய முன்னணியாகப் பொது வேலைத்திட்டமொன்றுடன் போட்டியிட்டு, 151 ஆசனங்களில் 116ஐக் கைப்பற்றின. மூன்றினதும் வாக்குகளைக் கூட்டினாலும் 49 வீதமளவே தேறும். ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீதமான வாக்குகளைப் பெற்று, தனிக் கட்சி என்ற வகையில் முதலிடத்தில் நின்றது. அதற்குக் கிடைத்தவை 17 ஆசனங்களே. அரைவாசி வாக்கும் இல்லாத இப்பெரும்பான்மையே, மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட பலத்துடன், 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை ஆக்கியது. சிறுபான்மையினருக்குக் காப்பாகக் கருதப்பட்ட சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அதனோடு மறைந்தது.

1977 யூலைத் தேர்தலின்போது ஐக்கிய முன்னணி உடைந்துபோயிருந்தது. சமசமாஜக் கட்சி 1975இல் அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி 1977இல் விலகியது. சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் எதிரெதிரே போட்டியிட்டனர். ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீதமான வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐ, அதாவது சரியாக ஆறில் ஐந்து பங்கை வென்றது. சுதந்திரக் கட்சி முப்பது வீதமளவான வாக்குகளுடன் எட்டு ஆசனங்களைப் பெற்றது. அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளை வென்ற கட்சியின் வெற்றிக்கு எதிரணியின் பிளவே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. ஆயினும் தோல்வி இத்துணைப் பெரிதானமைக்கு அப்பிளவும் துணைசெய்தது. இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. இருபதாண்டுகளாகத் தொகுதிகளை விட்டுக்கொடுத்து வந்த கட்சிகளுக்கு, தனித்து நின்றபோது ஊன்றி நிற்க நிலம் இருக்கவில்லை. ஒரு தொகுதியில் மீண்டும் மீண்டும் போட்டியிடாத கட்சி அங்கு தன் கிளையை இழக்கின்றது, தொண்டரை இழக்கின்றது, ஈற்றில் தனக்கு வாக்களிக்கும் பழக்கத்தையே மக்கள் மறந்துவிடுகின்றனர்.

அந்த ஆறில் ஐந்து பெரும்பான்மை 1978இல் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறையை நிறுவியது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீடித்துக்கொண்டது. நாட்டின் இரு குடியரசு அரசியலமைப்புகளும் தேர்தல் முறையினாற் பெருக்கிக் காட்டப்பட்ட பெரும்பான்மைகளால் ஆக்கப்பட்டவை என்பது வரலாற்று மாணவர் மறக்கலாகாத உண்மையாகும்.

தமிழ்த் தொகுதிகளின் அனுபவம்

பிரதேச ரீதியாகச் செறிந்து வாழும் மக்களுக்குச் சாதாரண பெரும்பான்மை முறை பாதகமானதன்று. 1977இல் ஆறு, ஏழு வீதமளவான வாக்குகளையே பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் பிரதான எதிர்க்கட்சியாயிற்று, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சிதறி வாழ்பவர்களுக்கே இம்முறை பெருந்தடையாகும். இதனை உணர்ந்தே சோல்பரி அரசியலமைப்பின் கீழ்ப் பல அங்கத்தவர் தொகுதிகள் சில அமைக்கப்பட்டன. அத்தொகுதிகளில் வாக்காளர் ஒருவருக்கு உறுப்பினர் தொகைக்குச் சமமான வாக்குகள் உண்டு. அவற்றை அவர் பகிர்ந்தளிக்கலாம், அல்லது ஒருவருக்கே முழுவதையும் அளிக்கலாம். 1947இல் மூன்று அங்கத்தவரைக் கொண்ட மத்திய கொழும்பிலிருந்து பறங்கியரான கம்யூனிஸ்ட் பீற்றர் கெனமனும், சிங்களவரான தொழிற் கட்சித் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவும், மலாயரான ஐக்கிய தேசியக் கட்சியினர் ரி. பி. ஜாயாவும் ஒருங்கே தெரிவானமை இவ்வேற்பாட்டின் பயனைக் காட்டும்.

வடக்கிலே தமிழ்க் காங்கிரஸும் தமிழரசுக் கட்சியும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற காலத்தில் வாக்குப் பிரிவின் விளைவுகள் வெளிப்படையாயின. 1970இல் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராசாவிடமும், நல்லூரில் டாக்டர் இ. மு. வி. நாகநாதன் அதே கட்சியின் சி. அருளம்பலத்திடமும் தோல்வியுற்றனர். யாழ்ப்பாணத்தில் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மாட்டின், தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், அல்பிரட் துரையப்பா ஆகிய மூவருக்கிடையில் வாக்குகள் பிரிய, மாட்டின் வென்றார். கட்சிக்காகத் தெரிவு செய்யப்பட்ட தியாகராசா, அருளம்பலம், மாட்டின் ஆகிய மூவரும் பின்னர் தத்தம் கட்சிகளின் நிலைப்பாட்டுக்கு மாறாக 1972 அரசியலமைப்பை ஆதரித்தனர். இவ்வனுபவமும் அவ்வரசியலமைப்பும் சேர்ந்து கட்சிகளை ஒன்றுபடத் தூண்டின. 1972இல் தமிழர் கூட்டணியும், 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியும் தோன்றின. 1977இல் வட மாகாணத்தின் பதினான்கு ஆசனங்களும் கூட்டணிக்கே கிடைத்தன.

எனினும் ஒற்றுமைக்கும் ஒரு விலையுண்டு. ஒரே சின்னம் மாத்திரம் முன்வைக்கப்படும்போது, அதற்குள் அடங்கிய வேறுபட்ட கருத்துகளுட் தமக்கு உவப்பானது எது என்பதை வாக்காளர் சொல்ல முடியாது. கூட்டணிக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு வாக்கும் அதன் விஞ்ஞாபனத்தின் ஒவ்வொரு வரிக்கும் அளிக்கப்பட்டதா என்ற வினா பின்னாளிற் பலமுறை எழுந்தது. அதற்கு விடையளிக்க வாக்குச் சீட்டால் இயலாது.

விகிதாசார முறையின் பின்

1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை அறிமுகப்படுத்தியபோது வாக்குப் பிரிவின் தீமை ஒழிந்துவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆசனங்களுக்கும் வாக்குகளுக்குமிடையேயான இடைவெளி பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் முற்றாக ஒழியவில்லை. மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிக ஆசனமொன்று உண்டு. குறித்த வீதத்துக்குக் குறைந்த வாக்குகளைப் பெறும் பட்டியல்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்படும். முதலில் எட்டில் ஒன்றாக இருந்த இவ்வெல்லை 1988இல் ஐந்து வீதமாகக் குறைக்கப்பட்டது. 2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பல பட்டியல்களாகப் பிரிந்து நின்றன. நூற்றுக்கு 25க்குச் சற்றுக் குறைந்த வாக்குகளைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. அவ்வாக்குகளை அளித்தவர்களும் யாழ்ப்பாண மக்களே. அவர்களின் தெரிவைக் குறைகூற இடமில்லை. ஆயினும் காற்பங்கு வாக்கு அரைப்பங்கு ஆசனமாக மாறியமை ஏனையோரின் பிரிவினாலேயே என்பது கணக்கு.

உள்ளூராட்சியிலும் இதனைக் காணலாம். 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் அறுபது வீதமான உறுப்பினர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது வீதமானோர் பட்டியல்களிலிருந்தும் தெரிவாகும் கலப்பு முறை கையாளப்பட்டது. யாழ்ப்பாண மாநகர சபையின் 45 ஆசனங்களில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பொதுத் தேர்தலில் முன்கூட்டியே செய்யப்பட்ட பேரம், இங்கு முதல்வர் தெரிவின்போது பிற்கூட்டியே செய்யப்பட்டது. பேரம் நிகழும் காலம் மாறியதேயன்றிப் பேரம் மறையவில்லை.

சனாதிபதித் தேர்தலுக்கு 1978 அரசியலமைப்பு வேறொரு வழியை வகுத்தது. வாக்காளர் தம் முதல் விருப்பத்தோடு இரண்டாம், மூன்றாம் விருப்பங்களையும் குறிக்கலாம். ஒருவரும் அரைவாசிக்கு மேல் பெறாவிடின், முதலிருவர் தவிர்ந்த ஏனையோரின் வாக்குச் சீட்டுகளிலுள்ள அடுத்த விருப்பங்கள் அவ்விருவருக்கும் சேர்க்கப்படும். மனத்துக்கு உவந்தவருக்கு முதல் வாக்கையும், ஏற்கத்தக்கவருக்கு இரண்டாம் வாக்கையும் அளிக்க இடந்தரும் இம்முறை, தந்திரோபாய வாக்களிப்பின் தேவையையே பெருமளவு நீக்கவல்லது. 1982 முதல் 2019 வரை ஒவ்வொரு முறையும் முதலெண்ணிக்கையிலேயே ஒருவர் அரைவாசியைத் தாண்டியமையால் இவ்வேற்பாடு பயன்படவில்லை. 2024 செப்ரெம்பர் 21ஆம் திகதித் தேர்தலிலேயே முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தையும் சஜித் பிரேமதாச 32.76 வீதத்தையும் பெற்றிருந்தனர். நீக்கப்பட்ட ஏனைய அபேட்சகருக்கு வாக்களித்தோர் 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களின் சீட்டுகளிலிருந்து இருவருக்கும் கிடைத்த அடுத்த விருப்பங்களோ 2 இலட்சத்து 73 ஆயிரமளவே. நூற்றுக்கு ஒன்பதையும் எட்டவில்லை. சிறு தொகையினரே அவ்விருவருள் ஒருவருக்குத் தம் அடுத்த விருப்பத்தை வழங்கினர். எஞ்சிய பெரும்பாலோரின் குரல் இறுதித் தெரிவில் இடம்பெறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. பிரிந்து நிற்பவர்கள் தம்மிலும் சிறிய தொகையினரால் ஆளப்படலாம் என்பது முதலாவது. 1947உம் 1960 மார்ச்சும் இதற்குச் சான்று. ஒன்றுபட்டு வெல்பவர்களுள் வெற்றியின் பொருளை வரையறுப்பவர் பெரிய பங்காளியே என்பது இரண்டாவது. 1956இலும் 1970இலும் சிறிய பங்காளிகள் இதனைக் கண்டனர். தேர்தல் முறை எதுவாயினும், அதன் இயல்பை அறியாத வாக்காளரின் வாக்கு வேறொருவர் விருப்பப்படி பொருள் கொள்ளப்படும் என்பது மூன்றாவது.

போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம் இழிவானதன்று. தந்திரோபாய வாக்களிப்பும் நேர்மையற்ற செயலன்று. மக்களுக்குத் தீங்கு செய்யும் அரசாங்கமொன்றை அகற்ற வேறு வழியில்லாதபோது அவை கடமையாகவும் ஆகலாம். ஆயின் அவ்வாறு அளிக்கப்படும் வாக்கு ஒரு கடன் போன்றது. எதற்காக, எதுவரைக்கும் கொடுக்கப்படுகின்றது என்பது கொடுக்கும்போதே பகிரங்கமாகச் சொல்லப்படல் வேண்டும். 1956இல் மொழிக் கொள்கை பற்றிய நிபந்தனை எதுவுமின்றித் தொகுதிகளை விட்டுக்கொடுத்த கட்சிகள், ஆட்சிமாற்றத்தைப் பெற்றன. தாம் காத்து நின்ற கொள்கையை இழந்தன. அவ்விழப்பின் சுமையைத் தாங்கியவர்கள் அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிட்டவர்களல்லர்.